பூட்டிய வீட்டில் நிற்கும் புல்லட்

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை வட்டாரத்தில் ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் வீடுகள் நிறைய. வீட்டுக்காரர்கள் சென்னையில் இருப்பார்கள், கோயம்புத்தூரில் இருப்பார்கள், சிங்கப்பூரில் இருப்பார்கள். தை மாதம் நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கலுக்கு வந்து கதவைத் திறப்பார்கள். அதன் பிறகு ஒரு கல்யாணமோ படைப்போ வந்தால்தான் சாவி மறுபடி திரும்பும். அந்த வீடுகளில் சிலவற்றின் முகப்பில் துணி போர்த்திய பழைய புல்லட் ஒன்று நிற்கும். அப்பா ஓட்டியதாக இருக்கும், அல்லது பெரியப்பா ஓட்டியதாக. துணியை எடுத்து, பெட்ரோல் டேப்பைத் திறந்து, கிக்கரை மிதித்தால் கிளம்பாது. சோக் போட்டால் கிளம்பும். சோக்கை எடுத்ததும் நின்றுவிடும்.

ஆள் அனுப்பி மெக்கானிக்கைக் கூப்பிட்டால், அவர் வண்டியைத் தொடுவதற்கு முன்பே கேட்பார்: "கடைசியா எப்பங்கய்யா ஓட்டுனீக?" போன தைக்கு என்று பதில் வரும். "நிறுத்தும்போது கார்பேட்டர்ல இருந்த பெட்ரோல வடிச்சு விட்டீகளா?" அதற்குப் பதில் இருக்காது. அந்த இரண்டு கேள்வியிலேயே பாதிச் சோதனை முடிந்துவிட்டது. தினமும் ஓடும் வண்டியின் கார்புரேட்டர் ஆண்டுக்கணக்கில் தொந்தரவில்லாமல் உழைக்கும். நிற்கும் வண்டியில்தான் அது கெடுகிறது. அந்தக் கெடுதல் முழுக்க முழுக்க வேதியியல் சார்ந்தது என்பதால், திருப்புளியைக் கையில் எடுக்கும் முன் பெட்ரோலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

பெட்ரோல் என்பது நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. அவற்றுள் இலேசானவை 35 டிகிரி செல்சியஸ் அளவிலேயே ஆவியாகத் தொடங்கும். கனமானவை 200 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். இந்தியத் தரக் குறியீடு இறுதிக் கொதிநிலைக்கு விதித்திருக்கும் உச்சவரம்பு 210 டிகிரி. குளிர்ந்த எஞ்சினை முதல் உதையில் கிளப்பிவிடுவது அந்த இலேசான பகுதி. கார்புரேட்டரின் அடியில் மிதவை கிடக்கும் கிண்ணத்தில் பெட்ரோல் கொஞ்சம்தான் நிற்கும். உள்ளே காற்றழுத்தம் வெளியில் உள்ளதற்குச் சமமாக இருக்க வேண்டும் என்பதற்காக அந்தக் கிண்ணத்துக்கு ஒரு காற்றுத் துளை வைத்திருப்பார்கள். சித்திரை வெயிலில் 40 டிகிரியைத் தொடும் ஊரில், அந்தத் துளை வழியாக இலேசான பகுதி சில வாரங்களில் போய்விடுகிறது. தொடர்ந்து நடுத்தரமானதும் போகிறது. டேப் திறந்தே கிடந்தால் இன்னும் மோசம்: குறைந்த அளவைத் தொட்டி மறுபடி நிரப்பும், அதுவும் ஆவியாகும், ஒவ்வொரு சுற்றிலும் கசடு மட்டும் கூடிக்கொண்டே வரும்.

அந்தக் கசடு எங்கிருந்து வருகிறது? பெட்ரோலில் ஒலிஃபின் எனப்படும், இரட்டைப் பிணைப்புள்ள மூலக்கூறுகள் உண்டு. காற்றிலுள்ள ஆக்சிஜன் அவற்றைத் தாக்கிப் பெராக்சைடுகளை உண்டாக்குகிறது. அவை உடைந்து அடுத்த மூலக்கூறைத் தாக்க, தொடர்வினையாக மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்டு கடைசியில் பழுப்பு நிறப் பிசினாகின்றன. முதலில் அரக்குப் பூச்சு மாதிரி மெல்லியதாகப் படிந்து, பிறகு கெட்டிப்படும். சுத்திகரிப்பு ஆலைகள் இதைத் தடுக்கும் பொருள்களைச் சேர்த்தே அனுப்புகின்றன. மாதங்கள் செல்லச் செல்ல அவை தீர்ந்துபோகும். செம்பு இந்த வினையை வேகப்படுத்தும் ஊக்கி என்பது வேதியியலாளர்களுக்கு வெகுநாளாகத் தெரியும். கார்புரேட்டரின் ஜெட்டுகளோ பித்தளை, அதில் பெரும்பங்கு செம்பு. கார்புரேட்டரிலேயே மிகக் குறுகிய துளைகள், பெட்ரோலைப் பிசினாக்கத் தூண்டும் உலோகத்தில் அமைந்திருக்கின்றன.

இதோடு எத்தனால் சேர்ந்துகொண்டது. இந்தியாவில் பெட்ரோலில் 5 விழுக்காடு எத்தனால் கலக்கும் திட்டம் 2003 ஜனவரியில் ஒன்பது மாநிலங்களில் தொடங்கியது. 2022 ஜூனில் நாடு 10 விழுக்காட்டை எட்டியது. 2023 பிப்ரவரியில் 20 விழுக்காட்டுப் பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 2025-இல் அதுவே பொதுவான பெட்ரோலாகிவிட்டது. 1970-களிலோ 80-களிலோ செய்த புல்லட்டின் ரப்பர் வளையங்களும் குழாய்களும் இந்தக் கலவையை எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் பட்டுச் சில ரப்பர்கள் உப்பும், பிறகு காய்ந்து வெடிக்கும்.

எத்தனாலுக்குத் தண்ணீர் மேல் பற்று அதிகம். சாதாரணப் பெட்ரோலில் தண்ணீர் கலக்கவே கலக்காது. எத்தனால் இருந்தால் ஓரளவு கரைந்து நிற்கும். 10 விழுக்காடு எத்தனால் உள்ள பெட்ரோல், அறை வெப்பநிலையில் ஏறத்தாழ அரை விழுக்காடு தண்ணீரைத் தாங்கும். பத்து லிட்டருக்கு 50 மில்லிலிட்டர். அதைத் தாண்டினால் கலவை பிரிந்துவிடும்: எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து ஒரு தனி அடுக்காகக் கீழே இறங்கும், மெலிந்த பெட்ரோல் மேலே மிதக்கும். காற்றின் ஈரத்திலிருந்து இவ்வளவு தண்ணீர் சேர வெகு காலம் ஆகும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டி மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் ஒரே இரவு போதும். பாதி காலியான தொட்டியில் இரவுக் குளிர்ச்சியில் படியும் பனிநீரும் அதோடு சேரும். தொட்டியிலும் கிண்ணத்திலும் அடியில் இருப்பதைத்தான் எஞ்சின் முதலில் உறிஞ்சுகிறது. அங்கே நிற்பது இப்போது தண்ணீர் கலந்த சாராயம்.

ஆகவே வீட்டைப் பூட்டி ஊருக்குப் புறப்படும் நாளில் வண்டிக்குச் செய்ய வேண்டியது மிக எளிது. எஞ்சினை ஓடவிட்டு டேப்பை மூட வேண்டும். சில நிமிடங்களில் கிண்ணம் வற்றி எஞ்சின் தானே நிற்கும். அப்புறமும் அடியில் கொஞ்சம் தங்கியிருக்கும். வடிகால் திருகைத் திறந்து அதையும் விட்டுவிட வேண்டும். மூன்று, நான்கு மாதத்தில் திரும்பி வருவதாக இருந்தால் தொட்டியை நிரப்பி வைக்கலாம். காற்றுக்கு இடமில்லாத தொட்டியில் துருவும் பனிநீரும் குறைவு. ஓராண்டுக்கு மேல் ஆகும் என்றால் முழுக்கக் காலி செய்து, உட்புறம் எண்ணெய் படியுமாறு சுழற்றிவிட்டு மூடிவிடுவதே மேல் என்பது என் கருத்து. பழைய பெட்ரோலைக் காப்பாற்றப் பார்ப்பதில் லாபமே இல்லை.

காற்று செய்யும் வேலை

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். கன அளவில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று. இந்த விகிதத்தை, எஞ்சின் முனகிக்கொண்டு நிற்கும்போதும் பிள்ளையார்பட்டிச் சாலையில் முழு வேகத்தில் போகும்போதும், கம்ப்யூட்டரோ மின்சாரமோ இல்லாமல் ஓர் உலோகத் துண்டு காத்துத் தர வேண்டும். 1893-இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக்கும், அதே ஆண்டில் புடாபெஸ்டில் டோனாத் பாங்கி, யானோஷ் சோங்கா என்ற இரு பொறியாளர்களும் தனித்தனியே இதற்குத் தந்த விடை ஒன்றுதான்: பெட்ரோலை நுண்துளை வழியே காற்றோட்டத்தில் தெளிப்பது. அதற்கு முன் கார்ல் பென்ஸின் வண்டியில் பெட்ரோலின் மேற்பரப்பில் காற்றைத் தவழவிட்டு ஆவியை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பழைய வீடுகளில் கொசு மருந்து அடிக்கும் தகரப் பம்பைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை புரியும். பிஸ்டனைத் தள்ளினால் காற்று ஒரு குழாயின் வாயைக் கடந்து பாயும். டப்பாவிலுள்ள மருந்து தானே மேலேறிப் புகையாகச் சிதறும். ஓடும் காற்றில் அழுத்தம் குறைகிறது என்பதை 1738-இல் டேனியல் பெர்னோலி கணித முறையில் எழுதினார். குறுகலான இடத்தில் ஓட்டம் வேகமெடுத்து அழுத்தம் குறைவதை இத்தாலியரான வெஞ்சூரி 1797-இல் சோதித்துக் காட்டினார்.

புல்லட் 350-க்கே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் பயணம் 90 மில்லிமீட்டர், கொள்ளளவு 346 சி.சி. நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால், இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வீதம் வினாடிக்கு 25 தடவை மூச்சிழுக்கிறது. ஒவ்வொரு மூச்சும் வினாடியின் ஐம்பதிலொரு பங்குக்கும் குறைவான நேரத்தில் முடிய வேண்டும். அத்தனை காற்றும் 24 மில்லிமீட்டர் வாய் வழியாகப் போயாக வேண்டும். அங்கே காற்றின் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். அந்த வேகத்தில் உண்டாகும் அழுத்தக் குறைவு, பெட்ரோலை ஒரு சாண் உயரத்துக்கு மேல் தூக்க வல்லது. அதே எஞ்சின் மெதுவாக முனகும்போது அந்த வாயில் காற்று ஊர்ந்துதான் போகும். பெரிய துளையிலிருந்து ஒரு துளிகூட எழும்பாது. அதனால்தான் குறைந்த வேகத்துக்கென்று தனிப் பாதையும் தனித் துளையும் வைக்க வேண்டியிருந்தது. இந்த அத்தியாயத்தில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை அந்தத் தனிப் பாதையில்தான் நடக்கின்றன.

புல்லட் இங்கே செய்யப்படத் தொடங்கியது 1955-இல். இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவை அமைத்தன. திருவொற்றியூர் ஆலை அப்படி வந்தது. பழைய வண்டிகளில் அமால் வகை கார்புரேட்டர் இருக்கும். அதில் சோக்குக்குத் துணையாகக் கிண்ணத்தின் மேல் ஒரு பொத்தான் உண்டு, அதை அழுத்தினால் மிதவை தாழ்ந்து பெட்ரோல் வழியும். பின்னால் ஜப்பானின் மிக்குனியோடு சேர்ந்து சென்னையின் யூகால் நிறுவனம் தயாரித்த மிக்கார்ப் விஎம்24 வந்தது. இப்போது ஊரில் மிஞ்சியிருக்கும் புல்லட்டுகளில் அதிகம் காணக் கிடைப்பது இதுதான். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதிகள் நடைமுறைக்கு வந்தபோது புதிய வண்டிகளில் எரிபொருளை மின்னணு முறையில் பீய்ச்சும் அமைப்பு இடம்பிடித்தது. இளம் மெக்கானிக்குகள் பலர் கார்புரேட்டரைப் பழக வாய்ப்பில்லாமல் வளர்கிறார்கள். பழைய வண்டியை வைத்திருப்பவரே இதைத் தெரிந்துகொள்ள வேண்டிய காலம் இது.

கழற்றுவதற்கு முன்

கார்புரேட்டரைக் கழற்றிவிட வேண்டும் என்ற அவசரம் பலருக்கு உண்டு. முதலில் பொறியைப் பாருங்கள். பிளக்கைக் கழற்றி, எஞ்சினின் உலோகத்தில் ஒட்டிப் பிடித்துக் கிக்கரை மிதித்தால் நீலப் பொறி பளிச்சென்று தெரிய வேண்டும். அப்போது பிளக் துளைக்கு அருகில் பெட்ரோல் ஈரம் இருக்கக் கூடாது. பழைய புல்லட்டில் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். அதில் எண்ணெய் படிந்திருந்தால் வண்டி காட்டும் அறிகுறி அப்படியே கார்புரேட்டர் அடைப்பு மாதிரி இருக்கும். அடுத்து, டேப்பிலிருந்து வரும் குழாயைப் பிடுங்கி ஒரு பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். ஒழுக்கு இடைவிடாமல் வர வேண்டும். நன்றாகத் தொடங்கி மெல்ல மெல்லச் சொட்டாகக் குறைந்தால், தொட்டி மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. சாலையில் நான்கைந்து கிலோமீட்டர் போனதும் வண்டி நின்று, மூடியைத் திறந்ததும் மறுபடி கிளம்புகிறது என்றால் இதுவேதான் காரணம். கார்புரேட்டரை எத்தனை தடவை சுத்தம் செய்தாலும் இது தீராது.

இரண்டும் சரியென்றால் ஆக்சிலேட்டரைக் கவனிக்க வேண்டும். கார்புரேட்டர் ஒரே சாதனமாகத் தெரிந்தாலும் உள்ளே வெவ்வேறு பகுதிகள் முறைபோட்டு வேலை செய்கின்றன. எட்டில் ஒரு பங்கு திறப்பு வரை ஸ்லோ ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். அங்கிருந்து கால் பங்கு வரை, ஏறி இறங்கும் ஸ்லைடின் அடி விளிம்பில் உள்ள சாய்வு வெட்டு. கால் முதல் முக்கால் வரை ஊசியும் அது இறங்கும் ஊசி ஜெட்டும். அதற்கு மேல் மெயின் ஜெட். தொல்லை எஞ்சின் வேகத்தைப் பொறுத்து வருகிறதா, திறப்பைப் பொறுத்து வருகிறதா என்று பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். மூன்றாம் கியரிலும் நான்காம் கியரிலும், வேறு வேறு வேகத்தில், அதே கால் பங்கு திறப்பில் வண்டி தடுமாறினால் காரணம் கார்புரேட்டரின் அந்தப் பகுதி. திறப்பு எதுவானாலும் ஒரே வேகத்தில் மிஸ்ஸிங் வந்தால் மின்சாரப் பக்கம் பார்க்க வேண்டும். கைப்பிடியில் சாயக் கோடு போட்டு வைத்துக்கொண்டால் இது எளிது.

சோக் ஒரு நல்ல சாட்சி. சோக் போட்டதும் எஞ்சின் தெளிந்தால் பெட்ரோல் போதவில்லை: துளை அடைத்திருக்கிறது, அல்லது எங்கோ காற்று இழுக்கிறது. ஏர் ஃபில்டரைக் கழற்றியதும் தெளிந்தால் பெட்ரோல் மிகுதி. கார்புரேட்டரும் எஞ்சினும் சேரும் இணைப்பைச் சுற்றி, எஞ்சின் முனகும்போது, ஃபில்டர் பக்கம் படாமல் கொஞ்சம் கார்புரேட்டர் கிளீனரைத் தெளித்துப் பார்த்தால், காற்றுக் கசிவு உள்ள இடத்தில் ஓசை மாறும். சூடான சைலன்ஸர் அருகில் இருப்பதால் மிகக் குறைவாகவே தெளிக்க வேண்டும். அந்த இணைப்பின் இரண்டு நட்டுகளையும் பலம் கொண்ட மட்டும் முறுக்குவதால் கார்புரேட்டரின் முகமே வளைந்து, காற்று இழுக்கத் தொடங்கிய வண்டிகள் ஏராளம்.

இப்போது முதலில் சொன்ன வண்டியைப் பாருங்கள். சோக்கில் ஓடுகிறது, சோக் இல்லாமல் முனகல் நிலைக்கவில்லை, பாதி திறப்புக்கு மேல் சுமாராக இழுக்கிறது. ஸ்லோ ஜெட்டும் அதன் பாதையும் பிசினால் அடைபட்டிருக்கின்றன.

நுண்துளைகள்

வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. தரையோடு தவழ்ந்து போய்ப் படியில் இறங்கும், சாமி விளக்கு எரியும் அறை வரை போகும். காற்றில் ஒன்றரை விழுக்காட்டளவு கலந்தாலே தீப்பிடிக்கும். முகப்பில் உட்கார்ந்து செய்யும் வேலை இது இல்லை.

ஏர் ஸ்க்ரூவைக் கழற்றுமுன் அதை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். பொதுவாக ஒன்றரைச் சுற்று அளவில் இருக்கும். கிண்ணத்தைத் திறந்தால் அடியில் என்ன இருக்கிறது என்பதைத் துடைக்குமுன் உற்றுப் பார்க்க வேண்டும். பழுப்புப் பிசின் என்றால் பழைய பெட்ரோல். சிவப்புத் தூள் என்றால் தொட்டியின் துரு. உருண்டையாக ஓடும் துளிகள் தண்ணீர். பித்தளையில் பச்சைக் களிம்பு, உலோகத்தில் வெள்ளை மாவு என்றால் அரிப்பு தொடங்கிவிட்டது. ஜெட்டுகளின் தலை மென்மையான பித்தளை. காடிக்குச் சரியாகப் பொருந்தும் அகலமான திருப்புளி இல்லாமல் தொடக் கூடாது.

ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசிமுனையளவு வட்டம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் கை தானாக ஒரு கம்பியைத் தேடும். அந்த இடத்தில் கையை நிறுத்திக்கொள்ளுங்கள். ஜெட் என்பது அளந்து செய்த துளை. 0.30 மில்லிமீட்டர் துளையைக் கம்பி குடைந்து 0.35 ஆக்கினால், விட்டம் ஒரு மயிரிழையளவுதான் கூடியிருக்கும். ஆனால் பரப்பு விட்டத்தின் இருமடியாகக் கூடுவதால், வழி 36 விழுக்காடு பெரிதாகிவிடும். பித்தளையைவிட எஃகு கடினமானது. ஒருமுறை குடைந்த துளையைச் சுருக்க வழியில்லை. அடைப்பை எடுக்க வேண்டுமானால் தூண்டில் நரம்பைப் பயன்படுத்தலாம். தொண்டி, தேவிப்பட்டினக் கடைகளில் கிடைக்கும் மெல்லிய நைலான் நரம்பு பிசினைத் தள்ளும், பித்தளையைக் கீறாது.

பிசினைக் கரைக்கப் பெட்ரோலிலேயே ஊறப்போடுபவர்கள் உண்டு. பெட்ரோல் முனைவற்ற திரவம். ஆக்சிஜன் ஏறிய பழைய பிசின் முனைவுள்ள பொருள், அதனால் அது பெட்ரோலுக்கு எளிதில் அசைந்து கொடுக்காது. கார்புரேட்டர் கிளீனரில் அசிட்டோன் வகைக் கரைப்பான்கள் இருப்பது இதற்காகத்தான். அவை ரப்பரையும் சில பிளாஸ்டிக் மிதவைகளையும் கெடுக்கும். ஆகவே இவற்றை முதலில் எடுத்துத் தனியே வைத்துவிட வேண்டும். மீயொலித் தொட்டி கிடைத்தால் மிக நல்லது. வினாடிக்கு 40,000 முறை அளவில் அதிரும் திரவத்தில் நுண்குமிழ்கள் பிறந்து உடைகின்றன; அந்த உடைவு தூரிகை நுழைய முடியாத மூலையிலும் அழுக்கைப் பெயர்க்கும். நகைப் பட்டறைகளில் இதே தொட்டியைத்தான் வைத்திருக்கிறார்கள். புளிக் கரைசல், எலுமிச்சை, பாத்ரூம் ஆசிட் எதிலும் கார்புரேட்டரைப் போடாதீர்கள். வீட்டுப் பித்தளைச் செம்பைப் பளபளப்பாக்கும் அமிலம், கார்புரேட்டரின் உடலாக இருக்கும் துத்தநாகக் கலவையை ஹைட்ரஜன் குமிழ் விட்டுக்கொண்டே கரைத்துவிடும்.

ஜெட்டைச் சுத்தம் செய்வதோடு வேலை முடிந்துவிட்டதாக நினைப்பதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. ஸ்லோ ஜெட்டில் ஏறிய பெட்ரோல், ஏர் ஸ்க்ரூ வழி வரும் காற்றோடு உலோகத்துக்குள் துளைத்த மறைவான சந்தில் கலந்து, வாயின் தரையில் ஸ்லைடின் விளிம்பருகே உள்ள நுண்துளைகள் வழியே வெளிவருகிறது. அந்தத் துளைகள் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. ஏர் ஸ்க்ரூ துளையில் கிளீனர் குழாயை வைத்துப் பீய்ச்சினால், ஸ்லோ ஜெட் இருந்த இடத்திலும் வாயின் நுண்துளைகள் ஒவ்வொன்றிலும் தாரை வர வேண்டும். ஒன்றில் வரவில்லை என்றாலும் ஊறவைத்து, காற்றழுத்தம் கொடுத்து, மறுபடி பார்க்க வேண்டும். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் இதைச் செய்ய வேண்டும், கிளீனர் எந்தத் துளையிலிருந்து முகத்தில் அடிக்கும் என்று சொல்ல முடியாது. மெக்கானிக்கிடம் வேலையைக் கொடுத்தால் இந்தத் தாரைகளை மட்டுமாவது பக்கத்தில் நின்று பாருங்கள்.

மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் குலுங்கினால் ஓட்டை. வெந்நீரில் அமுக்கினால் குமிழ் வரும் இடம் காட்டிக் கொடுக்கும். மிதவை ஊசியின் கூம்பு முனையில் வளையமாகத் தேய்மானம் தெரிந்தால் மாற்றுவதே நல்லது. ஓவர்ஃப்ளோவுக்கு முதல் காரணம் அந்த வளையம். பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் ஊசி ஜெட்டின் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கும், பாதித் திறப்பில் கரும்புகை வரும். அது அழுக்கு அல்ல, சுத்தம் செய்வதால் போகாது.

வெள்ளை மாவு

காரைக்குடியில் இருந்துகொண்டு அந்த வெள்ளை மாவைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. இந்த ஊரின் மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி, இதே வினையை எழுபது ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தார். 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-இல், பொங்கலன்று, அப்போதைய குடியரசுத் துணைத் தலைவர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். எந்த வட்டாரத்துக் காற்று இரும்பையும் துத்தநாகத்தையும் எவ்வளவு அரிக்கும் என்று காட்டும் இந்திய அரிப்பு வரைபடம் இங்கிருந்து வந்தது. உப்புக் காற்றின் கடுமையைச் சோதிக்க மண்டபம் கடற்கரையில் இதற்கு ஒரு நிலையமும் இருக்கிறது.

அரிப்பு என்பது ஒரு மின்கலம். பள்ளிக்கூடத்தில் படித்த டேனியல் கலத்தில் துத்தநாகமும் செம்பும் 1.1 வோல்ட் தருகின்றன. துத்தநாகம் கரைந்துகொண்டே இருக்கும். பழைய அமால் கார்புரேட்டரின் உடல் துத்தநாகக் கலவை, பின்னால் வந்த பல மாதிரிகளில் அலுமினியம். அதில் திருகியிருக்கும் ஜெட் பித்தளை. இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஏற்கெனவே தயாராக நிற்கின்றன; கலம் இயங்க இடையில் மின்சாரம் கடத்தும் ஒரு திரவம்தான் பாக்கி. சுத்தமான பெட்ரோல் மின்சாரத்தைக் கடத்தாது. எத்தனாலோடு கீழிறங்கிய தண்ணீர் கடத்தும். உப்போ, எத்தனால் புளித்துண்டாகும் அமிலமோ சிறிதளவு அதில் இருந்தாலும் வேகம் கூடும். பாக் நீரிணைக் கடற்கரை காரைக்குடியிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். அந்தத் திரவம் தேங்கும் இடம் கிண்ணத்தின் அடி, அதாவது ஜெட்டுகள் தலை நீட்டியிருக்கும் அதே இடம். கரைந்த துத்தநாகம் ஹைட்ராக்சைடாகவும் கார்பனேட்டாகவும் வெள்ளை மாவாகப் படிகிறது. பிசினைக் கரைப்பான் எடுத்துவிடும். மாவைச் சுரண்டினால் அடியில் குழி இருக்கும், போன உலோகம் திரும்பாது. நுண் சந்துகளுக்குள் குழி விழுந்த கார்புரேட்டரை எவ்வளவு உழைத்தாலும் சீராக முனக வைக்க முடியாது. அதற்குச் செலவிடும் பணத்தில் புதிது வாங்குவதே மேல்.

பூட்டிய பிறகு

ரப்பர் வளையங்களைப் புதிதாகவே போடுங்கள். எத்தனால் தாங்கும் வைட்டான் வகை கிடைத்தால் அதை வாங்குங்கள். தொட்டியில் துரு இருந்தால் டேப்புக்குக் கீழே ஒரு சிறு ஃபில்டர் வேண்டும். வண்டியை நிமிர்த்தி நிறுத்தி, கிண்ணத்தின் அடியில் வெள்ளைக் காகிதம் வைத்து, டேப்பைத் திறந்து அரை மணி நேரம் விட்டுப் பார்க்க வேண்டும். காகிதத்தில் கறை விழுந்தால் மிதவை ஊசியை மறுபடி பார்க்காமல் எஞ்சினைக் கிளப்பக் கூடாது.

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகே முனகலைச் சரிசெய்ய வேண்டும். ஸ்லைடு ஸ்க்ரூவைத் திருகிச் சற்றே வேகமாக முனக விட்டு, ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று கால் சுற்றாக நகர்த்தி, ஓசை அதிகபட்சம் ஏறும் இடத்தைக் காதால் பிடிக்க வேண்டும். அங்கே விட்டுவிட்டு ஸ்லைடு ஸ்க்ரூவைத் தளர்த்தினால், புல்லட்டுக்கே உரிய அந்த நிதானமான ஓசை வந்துவிடும். மிக்கார்ப்பில் ஏர் ஸ்க்ரூ காற்று வரும் பக்கம் இருப்பதால், உள்ளே திருகினால் பெட்ரோல் பங்கு கூடும், வெளியே எடுத்தால் குறையும்.

இப்போது எத்தனால் கணக்கு. எத்தனால் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால் ஒரு கிலோ எரிய 9 கிலோ காற்று போதும். 20 விழுக்காடு கலந்த பெட்ரோலுக்கு அந்த எண் ஏறத்தாழ 13.5. பழைய ஜெட்டுகளோ 14.7-ஐ மனத்தில் வைத்து அளந்தவை. அதனால், சுத்தமாக, ஒரு குறையும் இல்லாமல் பூட்டிய கார்புரேட்டரும் இன்றைய பெட்ரோலில் எட்டு விழுக்காட்டளவு பற்றாக்குறையோடு ஓடும். வண்டி சூடாகும், ஆக்சிலேட்டரை மூடும்போது சைலன்ஸரில் வெடிக்கும். ஸ்லைடுக்குள் ஊசியைத் தாங்கும் கிளிப்பை ஒரு காடி கீழே மாற்றினால் ஊசி அவ்வளவு உயரும், நடுத் திறப்பில் பெட்ரோல் கூடும். முழுத் திறப்பில் குறை தெரிந்தால் மெயின் ஜெட்டை ஓர் எண் பெரிதாக்கலாம்.

சரியாயிருக்கிறதா என்பதைப் பிளக் சொல்லும். குன்றக்குடிச் சாலை மாதிரி ஆள் நடமாட்டம் குறைந்த நேர்ச்சாலையில், பாதித் திறப்பில் சில கிலோமீட்டர் ஓட்டி, அதே திறப்பிலேயே கிளட்சைப் பிடித்து இக்னிஷனை அணைத்து ஓரங்கட்டுங்கள். முனகவிட்டால் படம் கலைந்துவிடும். பிளக்கைக் கழற்றிப் பீங்கானைப் பாருங்கள். இளம் பழுப்பு என்றால் ஊசி இருக்கும் இடத்தில் இருக்கட்டும். கரி படிந்திருந்தால் கிளிப்பை ஒரு காடி மேலே ஏற்றுங்கள். சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தால் ஒரு காடி கீழே இறக்கி, அதே சாலையில் அதே திறப்பில் மறுபடி ஓட்டிப் பாருங்கள்.